எட்டு ஒலிபெருக்கிகளும் ஒரு தொண்டையும்

மார்ச் 3
நாளை அரங்கத்தில் ஆசிரியர் மாநாடு. பதினோராண்டுகளாக அங்கே ஒலியமைப்பு நம் கடைதான். ஒப்பந்தம் இம்மாதம் முடிகிறது. மனைவி, ஓட்டுநரான மைத்துனன், மின்பணியாளர் மூவரையும் நிறுத்தி முழங்கினேன்: "இது நம் அனைவரின் கடமை." கைதட்டினார்கள்.

மார்ச் 4
எட்டு ஒலிபெருக்கிகள் இறங்கின. ஒலிவாங்கிப் பெட்டி இறங்கவில்லை, கடையிலேயே கிடந்தது.
"டிரைவர் ஏத்திருப்பார்னு நெனச்சேன்" என்றார் மின்பணியாளர்.
"மைக்க அவர்தானே எடுப்பாரு அத்தான்?" என்றான் மைத்துனன்.
நானோ இருவரையும் நம்பியிருந்தேன். பெட்டி வரும்வரை கூட்டம் கலையாதிருக்க, மேடைப்பேச்சில் பழகிய நானே ஐம்பது நிமிடம், அறுநூறு பேர் முன் வெறுந்தொண்டையில் உரையாற்றினேன். அவை ஆர்ப்பரித்தது. என் குரல் போயிற்று.
அரங்க மேலாளர் மட்டும் அசையவில்லை. "பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு சார். நான் வாடகைக்கு எடுத்தது உங்க தொண்டைய இல்லையே. இருபதாம் தேதி பரிசளிப்பு விழா. அதப் பாத்துட்டுதான் கையெழுத்து."

மார்ச் 5
பத்து நாள் வாய் திறக்கலாகாது: மருத்துவர் ஆணை.
"இவ்ளோ அமைதி கிடைக்கும்னா மைக்க முன்னாடியே மறந்திருக்கலாம்" என்கிறாள் மனைவி.

மார்ச் 9
'அனைவரும் பெட்டிகளைச் சரிபாருங்கள்' என்று சீட்டெழுதி மனைவியிடம் நீட்டினேன்.
"இத யார் கையில குடுக்கணும்?" என்றாள்.
யார் கையில்? குரல் எல்லார் காதிலும் விழும். சீட்டை ஒருவர்தானே வாங்க முடியும். இத்தனை ஆண்டு முழங்கியும் இக்கேள்வி எனக்கு ஏன் எழவில்லை? கிழித்தெறிந்தேன்.

மார்ச் 10
நால்வரும் அமர்ந்து ஆளுக்கொரு சீட்டு எழுதினோம். ஒலிவாங்கி, மின்கலம்: மின்பணியாளர். ஏற்றுவது, இறக்குவது: மைத்துனன். பட்டியலில் குறியிட்டு வண்டியை அனுப்புவது: மனைவி. என் சீட்டை மைத்துனன் எழுதினான்: 'அத்தான் வண்டிப் பக்கம் வரக்கூடாது.' சினம் மூண்டது. ஏற்றும்போதெல்லாம் இதை வை, அதை எடு என்று மூவரையும் குழப்பியவன் யார்? நான்தானே. கையொப்பமிட்டேன்.

மார்ச் 16
குரல் மீண்டது. "ஆறு வருஷத்துல இப்பதான் சார் எது என் வேலைன்னு தெரியுது. ராத்திரி நல்லா தூங்குறேன்" என்றார் மின்பணியாளர். நாணினேன்.

மார்ச் 20
பட்டியலில் ஒரு குறி விழவில்லை — மாற்று மின்கலம். மனைவி வண்டியை நிறுத்திவிட்டாள். மின்பணியாளர் ஓடிப்போய் எடுத்துவந்தார். நான் தெருவின் எதிர்ப்புறம் கைகட்டி நின்றேன். நா துடித்தது, அடக்கினேன்.
விழா முடிந்ததும் மேலாளர், "இன்னிக்கு நீங்க பேசலையா?" என்றார்.
"அது என் சீட்டில் இல்லை."
மேடைகளில் நன்றியுரையை எப்போதும் பிறருக்கு விட்டுவிடுபவன் நான். இன்று மூவரிடமும் நானே சொன்னேன், ஒலிவாங்கி இல்லாமல், மெதுவாக.
மேலாளர் புது ஒப்பந்தத்தாளை நீட்டினார். 'பொறுப்பாளர்' என்னும் கட்டத்தில் பதினோராண்டும் என் பெயர். பேனாவை மனைவியிடம் நீட்டினேன்.