பல்லவி மட்டும் எழுதியவருக்கு

அண்ணே,

வெல்க்ரோ பிய்யும் சத்தம் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. இன்று காலை அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் தன் சாப்பாட்டுப் பையைக் கர்ரென்று திறந்தார். அவ்வளவுதான், அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை. உங்கள் பலகையில் வெல்க்ரோ போட்டு ஒட்டியிருந்த கிட்டார் பெடல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தது இந்தக் கைதான். போன இரண்டு மாதங்களின் வார இறுதியெல்லாம் அதற்கே போனது. நீங்கள் ஆசை ஆசையாக வாங்கிக் குவித்துவிட்டுப் போய்விட்டீர்கள், நான் உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தேன்.

அண்ணிதான் கேட்டார். புக்கிட் பாஞ்சாங் வீட்டை விட்டுத் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் சின்ன வீடாகப் பார்த்துக்கொண்டு போகிறார். "அந்த ரூம்ல எது என்னன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. நீங்களே பாத்து வித்துடுங்க" என்றார். தன் வீட்டு அறையில் இருப்பது என்னவென்று ஒருவருக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. சாமான்கள் எப்போது காலியாகும் என்றுதான் யோசித்தேன்.

கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் காலால் மிதிக்க எத்தனை பெட்டிகள் அண்ணே ஒரு மனிதனுக்கு வேண்டும்? கரகரப்பாக்க ஒன்று, எதிரொலிக்க ஒன்று, கோயில் மண்டபத்தில் வாசிப்பதுபோல் கேட்க ஒன்று. அதே வேலையைச் செய்யும் வேறு நிறத்துப் பெட்டிகள் வேறு. எல்லாவற்றையும் படமெடுத்து இணையத்தில் போட்டேன். தெம்பனிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்துக் கட்டணக் கதவருகே நின்று, வாங்க வந்தவர்கள் அட்டையைத் தட்டி வெளியே வந்தால் கட்டணம் போய்விடும் என்பதால், தடுப்புக்கு மேலேயே கைமாற்றினேன். எல்லாருக்கும் ஒரே கேள்வி: ஏன் விற்கிறீர்கள்? முதல் ஆளிடம், வாசித்தவர் இறந்துவிட்டார் என்று உண்மையைச் சொன்னேன். அவர் நீட்டிய கையை ஒரு நொடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் வீடு மாறுகிறோம் என்று சொன்னேன்.

நாம் அறிமுகமானதும் இப்படி ஒரு எம்ஆர்டி கதவருகேதான். நீங்கள் விற்பவர், நான் வாங்க வந்தவன். எதிரொலிப் பெடலைப் பையிலிருந்து எடுத்தீர்கள், துடைத்தீர்கள், நீட்டினீர்கள், திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். "இத குடுத்துட்டா எனக்குத் தூக்கம் வராது லா. உங்களுக்கும் சவுண்டு எப்படின்னு தெரியணும்ல? சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க, போட்டுக் காட்டுறேன்" என்றீர்கள். தீவின் கிழக்குக் கோடியிலிருந்து வடமேற்குக்கு வந்தேன். அந்தச் சனிக்கிழமை பதினோரு வருடம் நீண்டது. பெடலை மட்டும் கடைசிவரை எனக்குத் தரவில்லை. போன மாதம் அதை யாரோ ஒருவரிடம் விற்றபோது எனக்கு உங்கள்மேல் நிஜமாகவே கோபம் வந்தது.

"இந்த ஒண்ணு வந்துட்டா பாட்டு முடிஞ்சிடும் தம்பி." எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். பெட்டி வரும், பாட்டு முடியாது. துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து வந்து, குளித்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் போடும் மெட்டு எனக்குப் பிடிக்கும். அதைப் பொய் சொல்ல மாட்டேன். மிக இயல்பாக, யாரோ பேசுவதுபோலவே பல்லவி வந்து விழும். சரணம் எங்கே என்று கேட்டால் அடுத்த வாரம். அடுத்த வாரம் கேட்டால் புதிதாக ஒரு பல்லவி. பழையதற்கு என்ன ஆயிற்று என்றால், "அது இருக்கட்டும், இத கேளுங்க" என்பீர்கள்.

நம் மேடையை மறந்திருக்க மாட்டீர்கள். தீபாவளிச் சமயம், லிட்டில் இந்தியாவில் கடைகளுக்கு நடுவே போட்டிருந்த சின்ன மேடை. முன்னால் நின்றவர்களைவிட முறுக்குப் பொட்டலத்தோடு கடந்துபோனவர்கள்தான் அதிகம். நமக்கு மூன்று பாட்டு என்று சொல்லியிருந்தார்கள். நம்மிடம் மூன்று பல்லவிகள் இருந்தன. முதலாவதை நான்கு முறை திரும்பத் திரும்பப் பாடி நீங்கள் நிறுத்தியபோது, கீழே நின்ற ஒரு பெரியவர், "பாட்டு ஆரம்பிங்க தம்பி, மைக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு மேடையைவிட்டு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. நீங்கள் சிரித்துக்கொண்டே இரண்டாவது பல்லவிக்குப் போனீர்கள். பிறகு தே தாரிக் டீ குடிக்கும்போது, "சனங்க வீட்டுக்குப் போயி பல்லவியத்தான் முணுமுணுப்பாங்க. சரணம் யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்று எனக்கே சமாதானம் சொன்னீர்கள். அன்று அண்ணி வந்திருந்தாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். வரவில்லை. நீங்கள் சொல்லியிருந்தால்தானே.

இந்த ஊர் ஈரக்காற்றில் கிட்டார் மரம் வீங்கும், கம்பி துருப்பிடிக்கும். அதற்காக அண்ணி பிஸ்கட் டப்பா, மாத்திரைக் குப்பி, காலணிப் பெட்டி எல்லாவற்றிலிருந்தும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து வைப்பார். நான் இருக்கும்போதே எத்தனையோ முறை நடந்திருக்கிறது: கதவு தட்டும் சத்தம், நீங்கள் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவீர்கள், உள்ளங்கையில் நாலைந்து பொட்டலம் விழும், கதவு சாத்திக்கொள்ளும். நாம் வாசிப்பை நிறுத்தக்கூட மாட்டோம்.

எல்லாம் விற்றபின் பலகையில் கடைசியாக லூப்பர் மட்டும் நின்றது. கிட்டார், மைக் இரண்டையும் செருகக்கூடிய அந்தப் பெட்டி. ஒரு மிதி மிதித்தால் வாசிப்பதைப் பதிவு செய்யும், மறுபடி மிதித்தால் அதையே சுற்றிச் சுற்றி ஒலிக்கும், இன்னொரு மிதிக்கு அதன்மேலேயே அடுத்ததைப் பதியும். விற்கும் முன் வேலை செய்கிறதா என்று பார்க்க, வீட்டில் மின்சாரம் கொடுத்து மிதித்தேன். நீங்கள் வந்தீர்கள். உங்கள் நாலு கோர்டு, அதன்மேல் உங்கள் குரல்:

ஊரு முழிக்கும் நேரத்துல வீடு வந்து சேருறேன்
சத்தமில்லாம சாவி திருப்பி செருப்பக் கழட்டுறேன்

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகையோடு அழுகையாக ஆத்திரமும் வந்தது. ஏனென்றால் எப்போதும்போல் பெடலைத் தாமதமாக மிதித்திருந்தீர்கள். ஒவ்வொரு சுற்றும் முடியும் இடத்தில் ஒரு நொண்டல். நொண்டாமல் ஒரு லூப்பாவது போட்டிருக்கிறீர்களா உங்கள் வாழ்நாளில்? என் கிட்டாரை எடுத்து அதனோடு சேர்ந்து வாசிக்கப் பார்த்தேன். முடியவில்லை. உங்களோடு வாசிக்கும்போது நான் தடுமாறினால் நீங்கள் நிதானிப்பீர்கள், நீங்கள் தாவினால் நான் பிடித்துக்கொள்வேன். இந்தப் பெட்டி எனக்காக நிற்காது. நீங்கள் வாசிக்கிறீர்கள், ஆனால் நான் வாசிப்பது உங்களுக்குக் கேட்கவில்லை. அன்றுதான் நீங்கள் இல்லை என்பது எனக்கு முழுதாக உறைத்தது. காரியத்தன்றுகூட இப்படி உறைக்கவில்லை.

அப்போது ஒரு பிடிவாதம் வந்தது. இந்த ஒரு பாட்டையாவது முடித்துவிட வேண்டும். ரயிலில் போகும்போதும் வரும்போதும் எழுதினேன், அடித்தேன், எழுதினேன். கடைசியில் சரணம் வந்தது. நொண்டலையும் சேர்த்துக் கணக்குப் பண்ணி வார்த்தை போட்டேன். உங்கள் வாசிப்பின்மேல் என் குரலைப் பதிந்து பாட்டை முழுதாக்கிவிடலாம். ஆனால் பெட்டி என்னுடையது அல்ல. அண்ணியிடம் கேட்க வேண்டும். கேட்டு, அவர் மாட்டேன் என்றால்? உங்கள் வாசிப்பு வேறு எதிலும் இல்லை. அண்ணி எடுத்து வைத்துக்கொண்டால் பாட்டு போயிற்று, எனக்கே தூக்கிக் கொடுத்துவிட்டால் அவருக்கு உங்கள் குரல் ஒன்றுமே இல்லாமல் போகும்.

போன சனிக்கிழமை பெட்டியையும் மைக்கையும் சின்ன ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு புக்கிட் பாஞ்சாங் போனேன். வீடு முழுவதும் அட்டைப்பெட்டிகள். ஹாலில், அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எல்லாவற்றையும் மாட்டினேன். "அண்ணே வாசிச்சது இதுல இருக்கு அண்ணி. மிச்சத்த நான் எழுதிட்டேன். கேட்டுட்டுச் சொல்லுங்க, நான் வெச்சுக்கலாமான்னு" என்றேன்.

மிதித்தேன். உங்கள் குரல் வந்தது. அண்ணியின் கையில் உங்கள் சட்டை ஒன்று பாதி மடிப்பில் நின்றது. இரண்டாம் சுற்றில் நான் மைக்கைப் பிடித்துச் சரணத்தைத் தொடங்கினேன். முதல் வரியைத் தாண்டவில்லை, அண்ணி எழுந்து வந்துவிட்டார். மைக்குக்கு நேராகக் குனிந்து, "இத எப்படி நிப்பாட்டறது தம்பி?" என்று கேட்டுக்கொண்டே காலால் பெட்டியை ஒரு மிதி, பதறி இன்னொரு மிதி.

அண்ணி, வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சுற்று மறுபடி வந்தது. ஊரு முழிக்கும் நேரத்துல என்று நீங்கள் பாடுகிறீர்கள், சாவியைத் திருப்புகிறீர்கள், அதற்கு நடுவில் அண்ணி: "எப்படி நிப்பாட்டறது தம்பி?" அடுத்த சுற்றிலும் அதேதான்.

இத்தனை வாரம் தூசு படாமல் வைத்திருந்தது. நல்லவேளை, மேலே பதிந்ததை மட்டும் நீக்க வழி உண்டு, காலை அழுத்தி இரண்டு நொடி பிடித்தால் போதும். காலைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டேன், இன்னும் அழுத்தவில்லை.

"என்ன பண்றீங்க?"

"உங்க குரல் ஏறிடுச்சு அண்ணி. எடுத்துடுறேன்."

"அவரோடத அழிச்சுடாதீங்க."

"இல்ல, உங்களோடத மட்டுந்தான்."

அண்ணி ஒரு சுற்று முழுக்கக் கேட்டார். சத்தமில்லாம சாவி திருப்பி என்ற இடம் வந்ததும் அவர் முகத்தில் ஏதோ ஒரு சிரிப்பு. "சத்தமில்லாமலா? தெனமும் முழிச்சுத்தான் படுத்திருப்பேன். அவருக்குத் தெரியாது" என்றார். அந்த மெட்டைக் கதவுக்கு வெளியே எத்தனையோ முறை கேட்டிருப்பார். வார்த்தைகள் அன்றுதான் அவர் காதில் விழுந்தன.

பிறகு அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். "கால எடுங்க தம்பி. இருக்கட்டும். இத்தனை வருஷத்துல ஒரு நாளு உள்ள வான்னு கூப்பிட்டதில்ல. நானா வந்துட்டேன், இருந்துட்டுப் போறேன்."

காலை எடுத்தேன். உங்கள் இறுதிச் சடங்கில் சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன் அண்ணே. கதவைச் சாத்திக்கொண்டு அந்த அறையில் இருந்தவர்கள் நாம் இருவர். அவ்வளவு பெட்டிகள் வாங்க உங்களுக்குத் தோன்றியது, ஒரு நாற்காலி உள்ளே இழுத்துப் போடத் தோன்றவில்லை. இதை நினைத்தால் எனக்கு உங்கள்மேல் கோபம் ஆறவே ஆறாது.

பெட்டியை அண்ணியிடமே விட்டுவிட்டேன். பாட வேண்டுமானால் அங்கே வந்து பாடச் சொல்லியிருக்கிறார். நேற்று புது வீட்டுக்குப் போயிருந்தேன். டிவிக்குப் பக்கத்தில் மாட்டித் தந்தேன், எந்த இடத்தில் மிதிப்பது என்று அவருக்கும் காட்டினேன். சரணத்தைப் பாடினேன். ஒவ்வொரு சுற்றிலும் என் நல்ல வரி ஒன்றின்மேல் அண்ணியின் குரல் வந்து விழுந்து, எப்படி நிப்பாட்டறது என்று கேட்கிறது. அந்த வரி யாருக்கும் கேட்காது. அண்ணி எதிரே உட்கார்ந்து, தன் குரல் வரும் இடத்துக்காகக் காத்திருக்கிறார். நான் நிறுத்தாமல் பாடுகிறேன்.