மடைக்கல் பாசி

ஜனவரி 3, 2025
ஸ்டெபி வாய்க்காலில் இருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். என் பேத்தி பாளையங்கோட்டையில் பாசியைப் பற்றித்தான் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். "ஆச்சி, ஐயம்பெருமாள் அண்ணாச்சி வாழைக்குப் பக்கத்து மடைக்கல்லுல ஒரு பாசி! இந்தப் பக்கமே கிடையாதுன்னு எழுதி வச்சிருக்காங்க" என்றாள். நீலகிரிப் பக்கம் ஓரிடத்தில்தான் உண்டாம். அங்கேயும் அழிந்துகொண்டு வருகிறதாம்.

"ஏட்டி, பாசியப் பாத்தா இப்படித் துள்ளுத?" என்று சிரித்தேன். ஆனால் நெஞ்சு நிறைந்துதான் போனது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்.

ஜனவரி 4
அந்தப் பாசி உள்ளங்கை அகலம்தான் இருக்கிறதாம். ஒரு நுள்ளு எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள். அது போதாதாம். இன்னும் சில நாளில் கடுகை விடச் சின்னதாய்க் காய் விடுமாம், அதைப் பார்த்தால்தான் இன்னது என்று உறுதியாகச் சொல்ல முடியுமாம். இருபதாம் தேதி கோயம்புத்தூரில் இருந்து பெரிய சார் நேரில் பார்க்க வருகிறார். "அது வரைக்கும் யாருட்டயும் மூச்சு விடாத ஆச்சி" என்று சொல்லிவிட்டு விடுதிக்குப் போனாள்.

ஜனவரி 5, ஞாயிறு
கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். கர்த்தருக்கு நன்றி சொல்லுவது வேறே, ஆளுகளிடம் சொல்லுவது வேறே இல்லையா? உறை மேல் நானே எழுதிக் கொடுத்தேன். உபதேசியார் ஹெப்ரான் மைக்கில் வாசித்தார்: "சாரம்மாள் அம்மா, தன் பேத்தி ஸ்டெபி வாழைத்தோட்டத்து மடைக்கல்லில், கவர்மெண்டே தேடும் அபூர்வப் பாசியைக் கண்டுபிடிக்கக் கிருபை செய்ததற்காக..."

கவர்மெண்டு என்று அவள் சொல்லவில்லை. சும்மா பாசி என்று எழுத எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

வெளியே வரும்போது பக்கத்து வீட்டு டார்லின், "என்னக்கா, பாசிக்கெல்லாமா ஸ்தோத்திரம்?" என்றாள்.
"ஒன் மவன் துபாய்ல ஏசி மாட்டப் போனதுக்கு நீ போடலையா?" என்றேன்.

ஜனவரி 8
ஐயம்பெருமாள் வாசலுக்கு வந்துவிட்டார்.
"ஏம்மா, பாரஸ்ட்காரன் வரப் போறானாமே? மருந்தடிக்காத, உரம் வைக்காதம்பானோ?"
"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."
"கவர்மெண்டு தேடுதுன்னு நீங்கதான சொன்னிய? கோயில் குழாய்ல போட்டது எந் தோட்டம் வரைக்கும் கேட்டுச்சே!"
நான் சேர்த்து எழுதியது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பேத்தி பேருக்குக் குறைச்சல் என்று நின்றுவிட்டேன்.

ஜனவரி 9
ஸ்டெபி போன் செய்தாள். ஐயம்பெருமாள் வந்து போனதை நான் சொல்லவில்லை.

ஜனவரி 11
போச்சு. எல்லாம் போச்சு.

காலையில் விடுதியில் இருந்து வந்ததும் மடைக்குப் போனாள். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடரும் கொட்டியிருக்கிறார்கள். கல் வெள்ளை வெளேரென்று இருக்கிறதாம்.

"யாருட்ட ஆச்சி சொன்ன?"
"கோயில்ல... ஸ்தோத்திரம்தாம்மா..."
அவ அழுதிருந்தாலாவது தேவல. செருப்பக் கூடக் கழட்டாம நடுவீட்டுல நின்னா.

நான் நேரே ஐயம்பெருமாளிடம் போய்க் கத்தினேன். "எம் பேத்தி படிப்புல மண்ணப் போட்டுட்டீரே!"
"இது குத்தகை நிலம்மா. பாசிய வச்சிக்கிட்டு எந் தோட்டத்தப் புடுங்கிட்டா நான் எங்க போவேன்?" என்றார். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது யார்?

ஜனவரி 20
சார் வந்தார். வெள்ளைக் கல்லைப் பார்த்தார். அவள் மடித்து வைத்திருந்ததில் காய் இல்லை. "சந்தேகம்னுதாம்மா எழுத முடியும்" என்று அவளிடம் சொன்னது அடுப்படி வரை கேட்டது. காப்பியை அவள் கையில் கொடுத்து அனுப்பினேன். நான் வெளியே வரவில்லை.

ஜனவரி 27
இப்போதெல்லாம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிறாள். மரியாதையாகத்தான் சொல்லுகிறாள். அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு
விடியுமுன்னே போன ஸ்டெபி மத்தியானம்தான் வந்தாள். பேண்ட் தொடை வரை நனைந்திருந்தது. நகத்துக்குள் பச்சை. அன்றைக்கு வாய்க்காலில் இருந்து ஓடி வந்தபோது இருந்த அதே முகம்.

"எங்கம்மா போன?"
கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "லைப்ரரிக்கு ஆச்சி."

ஞாயிற்றுக்கிழமை எந்த லைப்ரரி திறந்திருக்கும்? வாய் வரை வந்தது. "சரி" என்றேன்.

சோறு போட்டேன். ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.