முகத்துவாரத் தண்ணியில் ஒண்ணு

மாசி 6, வியாழன்
புழுக்கம். கடல் பக்கம் காத்தே இல்லை.
மொட்டைமாடியில் மகள் செல்வியோட மூணு டப்பா, வலை போட்டுக் கட்டினது. குழாய்த் தண்ணி, எங்க போர் தண்ணி, எண்ணூர் முகத்துவாரத் தண்ணி. ஒவ்வொண்ணிலும் இருபது கொசுப்புழு. உப்புத் தண்ணியில் எத்தனை நாள் தாங்கும்னு பார்க்கணுமாம். காலேஜ் ரெண்டாம் வருஷத்திலேயே சொந்தக் கையால் ஆராய்ச்சி! எட்டாவதோட நின்ன எனக்கு டப்பாவைப் பார்த்தாலே கும்பிடத் தோணுது.
காலை ஏழுக்கு எண்ணணும். அவ அப்போ ரயிலில். எண்ணுறது நான். வெள்ளைத் தட்டு, இங்க் பில்லர்.
கு 20. போ 18. மு 3.
கீழ்வீட்டு மேரி: "இன்னாக்கா, ஊரே கொசுவ அடிச்சினு கீது, நீ வளத்துகினு கீற?"

மாசி 7, வெள்ளி
தலைக்குக் குளிச்சு, விளக்கேத்தி, மாடிக்கு.
கு 20. போ 17. மு-வில் மூணும் அடியில். தட்டிப் பார்த்தேன். அசையலை.
பேனா ஓடலை. வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் 'இல்லை' கிடையாது. அரிசி தீர்ந்தாலும் 'நிறைஞ்சிருக்கு'ன்னுதான் சொல்லுவேன். வீட்டுக் கணக்கிலும் வெள்ளியன்னிக்கு சைபர் போட்டதில்லை. ஒண்ணுன்னு போட்டு, சனிக்கிழமை திருத்துவேன்.
மு 1.
வடிவுடையம்மா கோயில். கறிவேப்பிலை மறந்தேன்.

மாசி 8, சனி
மு 0.
சாயங்காலம் நோட்டைப் பார்த்து செல்வி குதிச்சா. "யம்மா! எல்லாம் செத்தும் ஒண்ணு மட்டும் வெள்ளி வரைக்கும் தாங்கிக்கீது!"
நான் தோசைக்கல்லைப் போட்டேன். மாவு புளிச்சுப் போச்சு.

மாசி 10, திங்கள்
அவ மேடம் அந்த ஒண்ணைப் பத்தியே கேட்டாங்களாம். வியாழன் காலேஜில் பதினோரு பிள்ளைங்க அவங்கவங்க ஆராய்ச்சியைப் பத்திப் பேசணும். மூணு பேருக்கு மட்டும் லீவில் பெரிய லேபில் ரெண்டு மாசம் வேலை கத்துக்க இடம். செல்வி கண்ணாடி முன்னாடி நின்னு பழகுறா. பேச்சு ஆரம்பமே அந்தப் புழுதான்.
இல்லாத புழு. நான் பெத்தது.

மாசி 11, செவ்வாய்
சொல்லிட்டேன். விளக்கு முன்னாடி நின்னு.
"எண்ணாம எழுதினியாம்மா?"
"எண்ணிட்டுத்தான் எழுதினேன்."
"அது இன்னும் மோசம்! கொசுவுக்கு இன்னாம்மா வெள்ளிக்கிழமை?"
அழுதா. ராத்திரி சாப்பிடலை. நானும்.

மாசி 12, புதன்
செல்வி போய்ச் சொல்லி, மேடம் போன். என்கிட்டயே பேசணுமாம்.
"அழிக்காதீங்கம்மா. ஒரே கோடு போட்டு அடிங்க. பக்கத்துல நடந்ததை எழுதி, கையெழுத்து போடுங்க." அப்புறம் சிரிச்சாங்க. "எங்கம்மாவும் நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவாங்க. டப்பாவுக்கு அது தெரியாதே!" மறுபடி முதல்லேர்ந்து வைக்கணும். எண்ணுறது நானேதானாம். இடத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.
அடிச்சேன். எழுதினேன்: 'உயிரோட ஒண்ணும் இல்லை. வெள்ளின்னு நான் போட்டது.' கையெழுத்து.
திரும்ப என்னையே எண்ணச் சொன்னாங்களே. தாயே, அதுக்கே ஒரு நெய்விளக்கு.

மாசி 13, வியாழன்
பயிறு ஊறப் போட்டது. வேற வேலை ஓடலை.
அடிச்ச பக்கத்தைக் காட்டியே பேசினாளாம். எல்லாரும் சிரிச்சாங்களாம். "அந்த ஒண்ணு போனா என்ன, உன் கேள்வி இருக்கில்ல?"ன்னு மேடம்.
அஞ்சரைக்கு ரயிலிலிருந்து கூப்பிட்டா, ஒரே இரைச்சல். "யம்மா, மூணாவது பேரு நான்!"
வடிவுடையம்மா. வடிவுடையம்மா. மேடம் நல்லா இருக்கணும். மேரிக்கு சுண்டல்.

மாசி 21, வெள்ளி
தூறல். புதுப் புழு செவ்வாய் விட்டது.
தலைக்குக் குளிச்சு, விளக்கேத்தி, மாடிக்கு. மேரி படியிலேயே: "இன்னிக்கு எத்தினி கீதுக்கா?"
அரிசி டப்பா நிறைஞ்சிருக்கு, சாயங்காலம் வாங்கணும்.
கு 20. போ 18.
மு 0.