ஜான்சி பெயரில் என் ரத்தம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஹாஸ்டலில் இட்லி தீர்ந்துவிட்டது. டீ மட்டும். வாரத்தில் நாலு நாள் இப்படித்தான்.

பாலிடெக்னிக் நோட்டீஸ் போர்டில்: காலணி டிப்ளமோ மூன்றாம் ஆண்டுக்கு நாளை ரத்தப் பரிசோதனை. அடுத்த வாரம் ஷூ கம்பெனி ஆள் எடுக்க வருகிறது. உடல் தகுதிச் சான்று இல்லாவிட்டால் இன்டர்வியூ கிடையாது.

ரூம்மேட் ஜான்சி அதை மூன்று முறை படித்தாள். போன வருஷம் லேபில் பசை நெடியில் மயங்கி விழுந்தவள். பள்ளிகொண்டாவிலிருந்து அவள் அப்பா வந்து வார்டன் எதிரிலேயே சொன்னார்: "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுனா படிப்பு வேணாம். வூட்ல இரு."

மத்தியானம் மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். "ரத்தம் கம்மினு வந்தா அப்பா கூட்டிட்டுப் போய்டுவாரு. நீ என் பேர்ல குடுத்துடுடி கௌரி. நீ ஒரு நாள் கூட படுத்ததில்ல."

யோசிக்கிறேன் என்றேன். பொய். அப்போதே சரி என்று முடிவு.

வாங்க: சோப்பு, நாப்கின், மெஷின் ஊசி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செய்தாயிற்று.

செமினார் ஹாலில் இரண்டு வரிசை. முதலில் என் சீட்டு, இடது கை. பிறகு துப்பட்டாவை மாற்றிக்கொண்டு அடுத்த வரிசை. ஜான்சி சீட்டு, வலது கை. நரம்பு கிடைக்காமல் சிஸ்டர் இரண்டு முறை குத்தினார்.

"இன்னாமா, கை இவ்ளோ ஜில்லுனு இருக்கு?"

சிரித்து வைத்தேன்.

லேபில் இரண்டு ஜோடி கோணல் தையல். நாள் முழுக்கப் படபடப்பு.

ஆகஸ்ட் 7, வியாழன்

மழை வருவதுபோல் இருந்து ஏமாற்றிவிட்டது.

வார்டன் மேடம் எங்கள் இருவரை மட்டும் கூப்பிட்டார். ஹீமோகுளோபின் 6.8. இரண்டு தாளிலும் அதே. பன்னிரண்டு இருக்கவேண்டுமாம்.

"ஒரே ரூம்ல ரெண்டு பேரும் இன்னாதான் சாப்டுறீங்க? உடனே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவணும். வூட்டுக்குப் போன் பண்ணிட்டேன்."

அறைக்கு வந்ததும் ஜான்சி: "உனக்கே இப்டினா எனக்கு எவ்ளோ இருக்கும்?"

"தெரியாது. உன் ரத்தத்த யாரும் பாக்கலியே."

"அப்பா காலைல வர்றாரு. சொல்லிடாத."

படியேறினால் மூச்சு வாங்குகிறது. மாதாமாதம் எட்டு நாள் போகிறது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று இருந்துவிட்டேன். படுக்காமல் இருந்ததில் ஒரு பெருமை வேறு.

பயம். அவளுக்காகவா, எனக்காகவா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எட்டு மணிக்கு ஜான்சி அப்பா. ஷிப்டை விட்டு வந்தவர், கம்பெனி யூனிஃபார்மோடு. பெட்டியை எடுத்துவரச் சொன்னார். ஜான்சி அழவில்லை. மடித்த துணியையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். பார்க்க முடியவில்லை.

கீழே போய் வார்டனிடம் சொல்லிவிட்டேன். "மேடம், ரெண்டும் என் ரத்தம்."

யாரும் கத்தவில்லை. வார்டன் இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஜான்சி அப்பாதான், "ஏம்மா இப்டி பண்ணீங்க?" என்றார்.

பெட்டியோடு வாசலில் நின்ற ஜான்சி பதில் சொன்னாள். "உனக்கு பயந்துதான்பா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நாலு பேரும் பஸ்ஸில் வேலூர். மறுபடி ரத்தம். ஜான்சிக்கு 11.2. லேசான குறைவு, மாத்திரை போதுமாம். அன்றைக்கு அவளே கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

எனக்கு 6.7.

"பச்சரிசி மெல்லுவியா?" என்று டாக்டர் கேட்டார். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. தலையாட்டினேன். ரத்தம் குறைந்தால் அப்படி ஆசை வருமாம். அட்மிஷன்.

ஆகஸ்ட் 9, சனி

வார்டில் ஜன்னலோரப் படுக்கை. இரும்புச்சத்து டிரிப் ஏறுகிறது. கணியம்பாடியிலிருந்து அம்மா, நடவு வேலையை விட்டுவிட்டு. "மூணு வருஷமா ஒரு வார்த்த சொல்லலியே" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் தலை பின்னிவிட்டாள்.

மத்தியானம் ஜான்சி போன். பிரின்சிபால் இன்டர்வியூ லிஸ்டில் எங்கள் இருவர் பெயரையும் அடித்துவிட்டார்.

"உங்கப்பா?"

"பெட்டிய அவரே மாடிக்குத் தூக்கியாந்து வெச்சிட்டுப் போய்ட்டாரு."

"எம்மேல கோவமா?"

"ஆமா," என்றாள். "எப்ப வருவ?"

டாக்டர் இன்னும் சொல்லவில்லை.