காளிமுத்து அண்ணனின் படகு ஓடவில்லை

8-2-57, வெள்ளி
விடிகாலையில் பனி. துவைத்த சட்டை காயவில்லை. ஏழாம் வகுப்புக்குப் பூசணிக்காய் வரையச் சொன்னேன். பாதிப் பேர் சட்டி வரைந்தார்கள்.

மாலை ஜெகதாப்பட்டினம், காளிமுத்து அண்ணன் வீடு. மூன்று வருடம் முன் பாய்மரப் படகுப் போட்டியில் முதலாவதாக வந்தவர். இப்போது கண் போய்க்கொண்டிருக்கிறது. மதுரை டாக்டர் கையை விரித்துவிட்டார். முழுதாக இருட்டுவதற்குள் அந்த ஓட்டத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம். அதற்குத்தான் என் படம். பலகையில் ஒரு மாத வேலை.

இரண்டு படகு பக்கம் பக்கமாக. நீலக் கடல், நீல வானம், வெள்ளைப் பாய். முகம், கயிறு எல்லாம் அத்தனை சுத்தம். அண்ணன் மூக்கு படுகிற மாதிரி குனிந்தார்.

"நீலமா என்னமோ தெரியுது வாத்தியாரே. படகு எங்கிட்டு இருக்கு?"

அவர் மனைவி மாரியம்மா அக்கா: "இருக்கு, கரையில கட்டிப் போட்ட மாதிரி. பாய் முன்னால உப்பியிருக்கு, கொடி பின்னால பறக்குது. ரெண்டு காத்தா அடிக்குது?"

கடலே இல்லாத இலுப்பூர்க்காரன் புத்தி! சைக்கிளில் கட்டிய கொடியை வரைந்திருக்கிறேன். அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

10-2, ஞாயிறு
படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாய்மரம் நெட்டுக்குத்தாக. படகுகள் நட்ட நடுவில். எப்படி ஓடும்?

வாங்க: டர்பன்டைன், மஞ்சள் எனாமல், காவி. வீட்டுக்காரி சரோஜாவுக்குச் சீயக்காய்.

13-2, புதன்
எல்லாவற்றையும் அழித்தாயிற்று. வானம் மஞ்சள். பாய் காவிச் சிவப்பு (நிஜத்தில் வெள்ளைதான், இருக்கட்டும்), நன்றாகச் சாய்த்து. கொடி முன்னால். முகமில்லை, கயிறில்லை. படகின் மூக்கு பலகை விளிம்பை முட்டுகிறது. பின்னால் முக்கால் பலகை வெறும் தண்ணீர், ஒரு நுரைக்கோடு.

இரண்டாவது படகை எங்கே வைத்தாலும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது, வேகம் செத்துவிடுகிறது. எடுத்துவிட்டேன்.

சரோஜா: "இம்புட்டு எடம் சும்மா கெடக்கே. பெயிண்ட் தீந்துபோச்சா?"

பயம். அவர் கேட்டது போட்டி. எதிராளியையே காணோம்.

16-2, சனி
பள்ளி அரை நாள். பஸ்ஸில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வாசல் வெயிலில் நிறுத்தினேன். அண்ணன் இந்தத் தடவை குனியவில்லை. எட்டி நின்றே பார்த்தார்.

"அந்தா போகுதே!"

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் விரல் பாயிலிருந்து மெல்லப் பின்னால் போனது, வெறும் தண்ணீர் மேலேயே, பலகையின் கடைசி வரை.

"வாத்தியாரே, ரெண்டாவது வந்தவன் எங்க?"

"வரையலைங்கண்ணே."

"எப்படி வரைவீங்க? அம்புட்டுத் தூரம் பின்னாடியில்ல கெடந்தான்!"