தட்டைத் திருப்பச் சொன்னவனுக்கு

மைதானத்தில் மானாப்புல் வெட்டுகிறார்கள். காலையிலிருந்து அந்த வாசனை லயத்து வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது. மழை ஓய்ந்த ஈரத்தோடு அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறிவிட்டால் உனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. கவாத்துக் கத்தியை உன் வாசலில் சாத்திவிட்டு நேரே என் வாசலுக்கு வருவாய். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்க மாட்டாய். "என்ன மச்சான், இந்த வருசம் யாரு?" என்பாய். அன்றைக்குத் தொடங்கும் சண்டை, பையன்களைப் பிரித்து முடிக்கும்வரை ஓயாது.

இந்த வருடம் என் வாசலுக்கு யாரும் வரவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். என் வாயில் கோணலாக வருவதை அவள் நேராக்கிப் போடுகிறாள். சில இடங்களில் நிறுத்தி, "மாமா, இதையும் எழுதணுமா?" என்கிறாள். எழுது தாயி என்கிறேன். அவள் அப்புத்தளை டவுனில் வளர்ந்த பெண். நம் பக்கத்து முறை அவளுக்குத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே இதில் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

மூன்று தேயிலைத் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே கால்பந்து மைதானம், தோட்டத்துக்கு ஒன்றாக மூன்று அணி. பதுளைக்குப் போய்ப் பெரிய பள்ளிக்கூடங்களில் படித்து அங்கே பந்து விளையாடும் நம் பிள்ளைகள், ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்ததும், எந்தப் பையன் எந்த அணிக்கு என்று மூன்று அணிக்காரர்களும் சந்தியிலுள்ள சலூனில் கூடிப் பேசுவார்கள். முந்தின வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் பேச்சு. அவர்கள் ஒரு பையனின் பேரைச் சொன்னால் மற்றவர்கள் அவனைத் தொடக்கூடாது. பிறகு வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், அதன்மேல் மடித்த ஜெர்சி என்று தட்டு வைத்து, பெண் கேட்கப் போவதுபோலப் பையன் வீட்டுக்குப் போவார்கள். தாய்க்காரி தட்டைக் கையில் வாங்கினால் பையன் அந்த அணிக்கு. திருப்பிக் கொடுத்துவிட்டால், அந்த வருடம் வேறெந்த அணியும் அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது.

இந்த முறை எப்படி வந்தது என்று வருடா வருடம் சலூனில் நீதான் சொல்வாய். நாம் இரண்டு பேரும் விளையாடிய காலம். ஒரே வாசலில் இரண்டு அணியின் தட்டும் ஒரே நேரத்தில் வந்து நின்றது. தள்ளுமுள்ளில் பழம் உருண்டு சாக்கடைக் கானுக்குள் போனது. அந்தப் பையனின் தாய் வெளியே வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எம் மூத்த பொண்ணுக்கு ஒரு தட்டு வரக் காணோம். இந்தக் கழுதைக்கு ரெண்டா?" தட்டுத் தூக்கிப் போனவர்களில் ஒருவனே பிறகு அந்தப் பெண்ணைக் கட்டினான் என்று நீ முடிக்கும்போது, பாதிச் சவரத்தில் இருப்பவன்கூடச் சிரிப்பான். சலூன்காரன் கத்தியை எடுத்துவிட்டுக் காத்திருப்பான்.

பள்ளிக்கூடப் போட்டி என்றால் முதல் பஸ்ஸில் நாம் பதுளையில் இறங்கிவிடுவோம். மைதானத்து மேட்டில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டே பார்ப்போம். நான் வேகத்தைப் பார்ப்பேன். நீ பந்தைப் பார்க்கவே மாட்டாய். "பந்து காலுல இருக்கையில எல்லாரும் நல்லவன்தான் மச்சான். போனதுக்கப்புறம் என்னா செய்யிறான்னு பாரு" என்பாய். பந்தைப் பறிகொடுத்த பையன் இடுப்பில் கைவைத்து நின்றால் அவன் கதை உன்னிடம் முடிந்தது. நான் காட்டிய எத்தனையோ பேரை அப்படியே தள்ளிவிட்டாய். நீ காட்டிய ஆட்களை நான் ஆமை என்றேன். திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் நமக்கு நடுவில் வந்து நின்று, "ரெண்டு தாத்தாவும் எறங்கிச் சண்ட போடுங்க" என்று சொன்னதும் உண்டு.

போன வருடம் நம் அணி கடைசி. முதல் பேச்சு நமக்கு. எத்தனை காலத்துக்குப் பிறகு அப்படியொரு வரிசையில் பையன்கள் வந்திருந்தார்கள் என்று உனக்கும் தெரியும். நான் கஜன் என்றேன். ஓடத் தொடங்கினால் பின்னால் வருகிறவனுக்கு முதுகு மட்டும்தான் தெரியும், அப்படி ஒரு பையன். சலூனில் பாதிப் பேர் உன் பேரன் ரொஷான் என்றார்கள். நீ இரண்டும் இல்லை என்றாய். கஜனுக்கு மூச்சுக் காணாது என்றாய். சொந்தப் பேரனைப் பற்றிக் கேட்டதற்கு, "அவனா? எடது காலு அவனுக்குச் சும்மா நிக்கிறதுக்கு முட்டுக் குடுத்திருக்கு" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். தன் வீட்டுப் பிள்ளையைத் தானே புகழக்கூடாது என்று அடக்கமாகப் பேசுகிறாய் என்று நான் நினைத்தேன்.

அதற்குள் உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரிக்கும் கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பார்க்க வந்தேன். கட்டிலில் தலைமாட்டை உயர்த்தி வைத்திருந்தார்கள். கை மெலிந்து, சட்டைக்குள் யாரோ ஒரு சின்னப் பையன் இருப்பதுபோல இருந்தாய். நான் வாங்கி வந்த தோடம்பழத்தை உரிக்கக்கூட விடவில்லை. அருகில் கூப்பிட்டு, "கூட்டத்துல என் பேரன் பேரச் சொல்லு மச்சான்" என்றாய்.

நான் சிரித்தேன். கடைசியில் ரத்தம் பேசுகிறது பார் என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "பேரச் சொல்லிட்டுத் தட்டக் கொண்டாங்க. நான் வீட்டுக்கு வந்து திருப்பி விட்டுர்றேன். அப்புறம் ஒருத்தனும் அவனத் தொட முடியாதுல்ல" என்றாய்.

எனக்கு உடனே விளங்கவில்லை. நீ ஜோசப் பேரைச் சொன்ன பிறகுதான் விளங்கியது.

உன் மகன், ரொஷானின் அப்பன் ஜோசப்பும் அந்தக் காலத்தில் ஏ.எல். எழுதிவிட்டுத்தான் வந்திருந்தான். அவனுக்குத் தட்டு வந்தபோது நீயும் நானும்தான் முன்னால் நின்று கைதட்டினோம். பந்து விளையாடும் பையன் தோட்டத்தை விட்டுப் போகாமல் இருக்க செக்ரோல் பதிவேட்டில் பேர் போட்டு வேலை கொடுப்பார்கள். அவனுக்கும் கொடுத்தார்கள். பரீட்சை முடிவு வந்தபோது இன்னொரு தடவை எழுதினால் பல்கலைக்கழகம் கிடைக்கும் என்று வாத்தியார் வீடு தேடி வந்து சொன்னார். அரை இறுதி முடியட்டும் என்று நீ சொன்னாய். அப்புறம் முழங்கால் போனது. இன்றைக்கு வெலிமடைக் காய்கறிச் சந்தையில் லீக்ஸ் மூட்டைக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவில் காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறான். அவனைப் பற்றி நீ ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஆஸ்பத்திரியில்தான் திறந்தாய். "ஒருத்தனப் பந்துக்குக் குடுத்துட்டேன். இவன் கேம்பஸ் போகணும் மச்சான்" என்றாய்.

அவன் பந்துக்கு ஆசைப்படுகிறானே என்றேன். அதற்குத்தான் பயம் என்றாய். மற்ற இரண்டு தோட்டத்தாரும் அவன் பேரைச் சொல்லக் காத்திருந்தார்கள். வீட்டில் சொன்னால் உன் மருமகள், ரொஷானின் தாய் மேரி அழுவாள், ஜோசப் பழையதைக் கிளறுவான், அதனால் யாருக்கும் சொல்லாதே என்றாய். நம் அணி என்ன ஆகும் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாய். அந்த அணிக்காக நீ முன்பல் இரண்டைக் கொடுத்தவன். உனக்கு அது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியாதா?

கூட்டத்தில் ரொஷான் என்று சொன்னேன். சலூனே அதிர்ந்தது. நம் தலைவன் செல்வா என்னைக் கட்டிப்பிடித்தான். பெருசுகள் இரண்டும் ஒருவழியாக ஒத்துப்போய்விட்டார்கள் என்று கேலி செய்தார்கள். பக்கத்துத் தோட்டத்தார் கஜனை எடுத்துக்கொண்டார்கள். நான் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிறு நீ வீட்டில் இருப்பாய், உன் வாயால் சொல்லிவிடுவாய், எல்லாரும் உன்னை இரண்டு ஏச்சு ஏசிவிட்டு விடுவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நீ வீட்டுக்கு வந்தாய். பெட்டியில் வந்தாய்.

அடக்கத்தன்று அணி முழுவதும் ஜெர்சி போட்டுக்கொண்டு உன்னைத் தூக்கியது. செல்வா விம்மி விம்மி அழுதான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. நீ மட்டும் சௌகரியமாக முந்திக்கொண்டாய்.

உனக்கு நினைவுப் பூசை முடியும்வரை தட்டை நிறுத்தி வைத்தார்கள். மற்ற அணிகளும் மரியாதைக்குப் பொறுத்திருந்தார்கள். அதன்பிறகு ஒரு ஞாயிறு காலையில் மேட்டு லயத்திலுள்ள உன் வீட்டுக்கு ஏறினோம். வயதில் மூத்தவன் என்று தட்டை என் கையில் கொடுத்திருந்தார்கள். வழியெல்லாம், தாத்தா இருந்திருந்தால் இன்றைக்கு ஆடியிருப்பார் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். வாசலில் உன் சம்சாரம் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே" என்று சொல்லவும் முடியாமல் தலையை ஆட்டியது. ஜோசப் வெலிமடையிலிருந்து வந்திருந்தான், கதவோரம் நின்றான். ரொஷான் குளித்து முடியை வாரி, புதுச் சட்டை போட்டு நின்றான். அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நீ பார்க்காமல் போனது நல்லது.

மேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். சாவு விழுந்த வீட்டுக்கு இவ்வளவு பேர் மரியாதை செய்ய வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் தட்டைக் கொடுக்கவில்லை.

"வாங்காத தாயி" என்றேன். "ஒம் மாமனார் ஆஸ்பத்திரியில வச்சு எங்கிட்டச் சொன்னாரு. தட்டத் திருப்பச் சொன்னாரு. இவன் படிக்கணுமாம்."

எல்லாரையும் கேட்க வைத்துத்தான் சொன்னேன். மேரி நீட்டிய கையோடு புருஷனைப் பார்த்தாள். ஜோசப் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து தன் முழங்காலைப் பார்த்தான், அவ்வளவுதான். அவள் தட்டைத் தொட்டு, மெதுவாக என் பக்கமாகத் தள்ளினாள்.

ரொஷான் என் எதிரில் வந்து நின்றான். "நீங்க யாரு இதச் சொல்ல?" என்றான். தாத்தா என்றுகூடச் சொல்லவில்லை. பிறந்த நாளிலிருந்து என் மடியில் கிடந்த பிள்ளை.

இறங்கி வரும்போது யாரும் என்னோடு நடக்கவில்லை. செல்வா மட்டும் சந்தி வந்ததும் திரும்பி நின்று, "எங்க முதல் பேச்ச வித்துட்டீங்களே" என்றான். விற்கவில்லையடா, கொடுத்தேன் என்று சொல்ல நினைத்தேன். அந்த வருடம் கஜன் நமக்கு எதிராகத்தான் எல்லாக் கோலையும் போட்டான். ஒவ்வொரு கோலுக்கும் நம் பக்கத்துச் சனம் பந்தைப் பார்க்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தது. கஜனுக்கு மூச்சுக் காணாது என்றாயே, கடைசி விசில்வரை ஓடினான். அதையும் உன்னிடம் சொல்லிக் காட்ட முடியாமல் போனது.

பிறகு பரீட்சை முடிவு வந்தது. எப்படிச் சொல்வேன் உனக்கு? ரொஷானுக்குக் கேம்பஸ் கிடைக்கவில்லை. கொஞ்சத்தில் தவறிவிட்டது என்றார்கள். பந்தும் இல்லை, படிப்பும் இல்லை. அவன் உள்ளே படுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தான் என்று மேரி வந்து அழுதாள். அன்றைக்கு முதல்முறையாக உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. சொல்லிவிட்டு நீ படுத்துக்கொண்டாய், பதில் சொல்ல என்னை விட்டுவிட்டுப் போனாய் என்று உன் கல்லறைக்கு வந்து சத்தம் போட்டேன். இரண்டாம் தடவை எழுத டியூஷனுக்குப் போகிறான் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். பஸ்ஸில் ஏறினால் என்னைப் பார்க்காததுபோல எனக்குப் பின்னால்தான் போய் உட்கார்வான்.

இந்த வருடமும் நாம்தான் கடைசி. முதல் பேச்சு நம்முடையது. போன வருடத்துத் தடை போன வருடத்தோடு தீர்ந்தது. மறுபடி ரொஷான் பேரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. செல்வா ஆள் அனுப்பி, தாத்தாவுக்கு நடக்க முடியாது, வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். என் காலுக்கு ஒன்றுமில்லை என்று அவனுக்கும் தெரியும். நாளை காலை தட்டு போகிறது.

நேற்று மாலை ரொஷான் என் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. கையில் டியூஷன் பாடம் எழுதும் கொப்பி. வெகுநேரம் சப்பாத்து மண்ணைப் படியில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குத் தட்டு வருது" என்றான். "அம்மா வாங்க மாட்டாங்க. வாங்க வேணாம்னு நான் சொல்லிட்டேன். ஆனா டீம் ஆளுங்க மூஞ்சியப் பாத்தா, வரலன்னு சொல்ல எனக்கு வாய் வருமான்னு தெரியல. நீங்க வந்து பக்கத்துல நிக்கிறீங்களா, தாத்தா?"

வருகிறேன் என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். படிப்பில் அவன் கரையேறுவானா என்று எனக்குத் தெரியாது. நீ சொன்னது சரியா என்றும் தெரியாது. உன்னிடம் கேட்டால் ஒரு சண்டையாவது போடுவாய்.

நாளைக்கு உன் வீட்டு வாசலில், நீ நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்பேன் மச்சான். கீழிருந்து நம் ஜெர்சி ஏறி வரும். நாம் விளையாடிய அணி, நாம் பல்லும் முட்டியும் கொடுத்த அணி, உன்னைத் தோளில் தூக்கிப் போன பிள்ளைகள். அவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் நிற்க, நான் எதிர்ப்பக்கம் நிற்பேன். நீ என் கையில் கொடுத்துவிட்டுப் போனது இந்த இடம்தான். இதை விட்டு இறங்க மாட்டேன்.