கைப் பம்ப்பே போதும்

சாரதா,

லோரி டயருக்குக் காற்றடிக்கக் கைப் பம்ப்பே வாங்கிவிட்டேன். கால் பம்ப்பைத் தந்துவிட்டு உன் கூறைப் புடவையை வாங்கிப் போக மத்தியானம் கய்யூம் நானா வருவார். கொடுக்காதே. நேற்று நீ போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: "டயர் இறங்கி வழியில நின்னா ஜப்பான்காரன் உங்களச் சயாமுக்கு ரயில் ரோடு போட ஏத்திடுவான். புடவையா பெருசு?"

இது பழைய பம்ப்புதான். என் கம்பளியைக் கொடுத்துத் தெங்கேரா கடைத்தெருவில் வாங்கினேன். டிரைவர் நல்லையா பார்த்துவிட்டு, "பம்ப்பா இது, அடுப்பூதுற குழலா?" என்றார். உள்ளே இருந்த தோல் வட்டம் காய்ந்து நொறுங்கியிருந்தது. வேறு தோல் கிடைக்கவில்லை. உன் செருப்பில் ஒன்றை வெட்டிப் போட்டு, தேங்காயெண்ணெய் தடவினேன். இப்போது காற்று நன்றாக ஏறுகிறது. இன்னொரு செருப்பு வாசலில் பத்திரமாக இருக்கிறது.

மரவள்ளிக்கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன். உப்பு இல்லை.

குருபோங்கில் மூட்டை இறக்கிவிட்டு இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்.

சுப்பையன்

எண்ணெயும் தீர்ந்துவிட்டது.

கோபத்தில் புடவையைக் கொடுத்துவிடாதே. என்னைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால், நீ அரிசிக்கு மாற்ற வீட்டில் வேறொன்றும் இல்லை.